அவ புருசன் எங்க போனான்?

பூப்பாறை மலை
ஆடி மாசம், 1979

அன்புள்ள ஆத்தாவுக்கு செல்லக்கிளி எழுதுறது. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. உன் மூட்டுவலி தேவலையா? அய்யா நேரத்துக்குச் சாப்பிடுறாரா?

இங்க ஒரு கூத்து நடந்துச்சு, கேளு. ஏலக்காட்டுல மத்தியானம் கஞ்சி குடிக்கிறப்ப, கூட வேலை செய்யிற பொம்பளைகளுக்கு நான்தான் கதைப்புத்தகம் வாசிச்சுக் காட்டுறேன். மூணாப்பு படிச்சவ இங்க நான் ஒருத்திதான். பஞ்சத்துல பண்ணையாரை எதுத்து நின்ன ஒரு சம்சாரிப் பொம்பளையோட கதை. பாதியில அவ புருசன் செத்துப்போறான். அந்த எடத்துல எனக்கு வாய் வரல. அவன் பொழைச்சுக்கிட்டான்னு நானா சொல்லிப் பக்கத்தைத் திருப்பிட்டேன்.

மறுநா வாசிக்கிறப்ப, கதையில அவ ஒத்தையா ஏர் பூட்டுறா, ஒத்தையா கோர்ட்டுக்குப் போறா. கேட்டுக்கிட்டிருந்த பொன்னுமணி அக்காவுக்குக் கோவம்.

"ஏண்டி, அந்தக் கட்டையில போறவன் பொண்டாட்டியை விட்டுட்டு எங்கடி போனான்?"

"போடிக்கு லோடு ஏத்திட்டுப் போயிருக்கான்க்கா."

"ஒரு வெள்ளாமை முடியிற வரைக்குமா லோடு எறக்குறான்? உள்ளதை வாசிடி."

எல்லாரும் சிரிச்சாக. விட்ட பக்கத்துக்கே திரும்பிப்போய் எழுத்துக்கூட்டி வாசிச்சேன், செத்துப்போனான்னு. என் வீட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போனப்பகூட அந்த வார்த்தையை நான் சொல்லல ஆத்தா. பொன்னுமணி அக்கா கஞ்சிச் சட்டியைக் கீழ வச்சுட்டு, மேல வாசின்னுச்சு. அதுக்கப்பறந்தான் கதையில அவ ஒத்தையா ஏர் பூட்டுனது எம்புட்டுப் பெரிய காரியம்னு எங்களுக்கு வெளங்குச்சு.

நீ வெசனப்படாதே. கொஞ்சம் கருவாடு குடுத்துவிடு. அவரு போர்வையை என் கண்ணுல காட்டாதேன்னு சொல்லிட்டு வந்தேன்ல, அதையும் குடுத்துவிடு. இங்க குளிரு சாஸ்தி. ஊருக்குக் கடுதாசி கொண்டுபோற ஜீப்புக்காரரு வெரசா குடுன்னு நிக்கிறாரு.

உன் மக
செல்லக்கிளி