நாய்க்குட்டிக்கு மருந்து வாங்கப் போனேன்

என்னங்க,

வரப்பில் நின்று இப்படிக் கூப்பிட்டால் எத்தனை தூரத்தில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போது தாளில்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறீர்களா?

முதலில் வீட்டுச் செய்தி. வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. ஆமாம், உங்கள் வீட்டில்தான். “நாய் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்” என்று சொல்லிச் செல்வியைச் சின்ன வயதில் அழ வைத்தீர்களே. நீங்கள் முன்னாலேயே போய்விட்டதால் அதற்குத் தடை சொல்ல ஆளில்லை. காரியம் முடிந்து சென்னைக்குப் போன நம் மகள், அடுத்த முறை வந்தபோது இதை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். அம்மா தனியாக இருக்கக் கூடாதாம். அதற்கு மனுஷர்தானே வர வேண்டும், நாயை ஏன் கொண்டுவந்து விடுகிறாள் என்று நினைத்தேன்.

செம்பட்டை நிறம். ஒரு காது மடங்கியே இருக்கும். பெயரெல்லாம் வைக்கவில்லை, குட்டி என்றால் வருகிறது. வந்த வாரமே உங்கள் செருப்பில் ஒன்றைக் கடித்துக் குதறிவிட்டது. அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு என்ன தோன்றியதோ, இன்னொன்றையும் நானே எடுத்து அதன் முன்னால் போட்டேன்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவது, கரண்ட் பில் கட்டுவது, ரேஷன், உரம், மோட்டார் ரிப்பேர் எல்லாம் நீங்களே பார்த்தீர்கள். நானும் வருகிறேன் என்றால் “உனக்கெதுக்கு அந்த அலைச்சல்” என்பீர்கள். அதை அன்பு என்று நம்பிக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். சிலிண்டர் கொண்டுவந்தவர், போனுக்கு வந்த நம்பரைச் சொல்லச் சொன்னார். அது உங்கள் போனுக்கல்லவா வரும்? அது பீரோவில் அணைந்து கிடந்தது. அவர் சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். செத்துப்போனவர் போனுக்கு ரீசார்ஜ் போட்டுத்தான் அடுப்பை எரிய வைத்தேன். இதுவா நீங்கள் எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த அலைச்சல்?

போன மாதம் குட்டிக்கு உடம்பு முடியாமல் போயிற்று. காலையிலிருந்து வாந்தி, பிறகு வயிற்றோட்டம். அது ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. நான் கொல்லைக்குப் போனால் தள்ளாடிக்கொண்டே பின்னால் வந்தது. காலடியில் விழுந்து முனகியது. புடவைத் தலைப்பைப் பல்லால் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கட்டைப்பையில் பழைய துண்டை விரித்து, அதில் குட்டியை உட்கார வைத்து, பஸ் ஏறி நன்னிலத்துக்குத் தூக்கிப் போனேன். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஊசி போட்டார். தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு பவுடரை எழுதித் தந்து, மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

நான் போனது நீங்கள் வாடிக்கையாகப் போகும் கடை என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உங்கள் காரியத்துக்கு வந்திருந்தாராம். பவுடரைக் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“எவ்வளவோ சொன்னேங்க அண்ணி. இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில வெச்சிக்கிட்டே எத்தனை நாளுண்ணே ஓட்டுவீங்க, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்கன்னேன். சம்பா அறுப்பு முடியட்டும்னாரு.”

எந்த மாத்திரை என்று கேட்டேன். அவர் முகம் செத்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஐப்பசி மழையின்போதே டாக்டரிடம் காட்டியிருக்கிறீர்கள். இதயம் பலவீனம், உடனே கவனிக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் மூச்சு விடாதே, அவள் பயந்துவிடுவாள் என்று கடைக்காரரிடம் நீங்கள் சொன்னீர்களாம்.

நான் பயந்துவிடுவேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? வாய்க்கால் உடைத்துக்கொண்ட வருஷம் இடுப்பளவு தண்ணீரில் உங்கள் கூடவே நாற்றுக்கட்டுத் தூக்கினேனே, அப்போது பயந்தேனா? என்னிடம் வாயுத் தொல்லை என்றீர்கள். பூண்டைத் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்துவிட்டு “இப்பத் தேவலாம்” என்றீர்கள். வலித்தால் யாரிடம் வர வேண்டும் என்று அந்த நாய்க்குட்டிக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லையே.

கொள்முதல் நிலையத்தில் நம் நெல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தீர்கள். உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் உங்கள் அக்கா ஊர் முன்னால் என்னைக் கேட்டார்: “பக்கத்துலயே இருந்தவளுக்கு இதுகூடவா தெரியாமப் போச்சு?” செல்வி என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். துக்கம் என்று நினைத்தேன்.

மருந்துக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, குட்டிக்குப் பவுடரைக் கரைத்துப் புகட்டிவிட்டு, செல்விக்குப் போன் போட்டேன். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்மா,” என்றாள். “அப்பா சொன்னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

அறுப்பு முடிந்ததும் சென்னைக்கு வந்து வைத்தியம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்களாம். அவளும் நம்பிக் காத்திருந்தாளாம்.

“அப்ப அத்தை கேட்டப்ப ஏன்டி சும்மா இருந்த?”

“பயமா இருந்துச்சும்மா.”

நாயை ஏன் கொண்டுவந்து விட்டாள் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

குட்டி பிழைத்துக்கொண்டது. அந்த வாரக் கடைசியில் செல்வி வந்தாள். வந்தவளை உட்காரச் சொல்லவில்லை. நேரே உங்கள் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போய், அவர் முன்னால் நிறுத்தி, சொல்லு என்றேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் அக்கா, தம்பி சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், எதையும் வெளியில் சொல்ல மாட்டான் என்றார். அவ்வளவுதான். என்னை அன்றைக்குக் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காபி கொடுத்தார். நான் தொடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செல்வி என் மடியில் கையை வைத்தாள். தள்ளிவிடவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை. அவளோடு பழையபடி பேச எனக்கு இன்னும் வரவில்லை. அவள் தினமும் கூப்பிடுகிறாள். குட்டி சாப்பிட்டதா என்று கேட்கிறாள். சாப்பிட்டது என்கிறேன். என்னைப் பற்றிக் கேட்க அவளுக்கும் பயம், சொல்ல எனக்கும் இஷ்டமில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இப்படி ஒன்றைப் போட்டுவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

வருஷத் திதி வருகிறது. குறை வைக்க மாட்டேன். வாழைக்காயும் சேனையும் உங்களுக்குப் பிடித்த மாதிரியே வறுத்துப் படைப்பேன். ஆனால் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்று, பெண்டாட்டியை ஒரு கஷ்டம் தெரியாமல் வைத்திருந்தவர் என்று யாராவது சொன்னால், இந்தத் தடவை தலையாட்ட மாட்டேன். தெரிந்தே என்னிடம் சொல்லாமல் செத்தார் என்பேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். இது சத்தியம். யாரும் கேட்டு வாங்கியதல்ல, நானாகச் செய்து கொடுப்பது.

இன்னமும் உங்கள் மனைவிதான்,
மல்லிகா