கமக்கட்டில் சால்வை

1938 ஆவணி 9, வியாழன்.

உடையார் வீட்டு வாசற் படலையைக் கடக்கும்போது எங்கள் சாதி ஆட்கள் தோள் சால்வையை எடுத்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொள்ள வேண்டும். வாத்தியாரான பிறகும் அதைச் செய்ய மாட்டேன் என்று காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். பள்ளிக்கூட வாசலில் பார்த்தால் சால்வை கமக்கட்டில் இருக்கிறது. கை தானாகவே எடுத்திருக்கிறது.

மாலையில் அவளிடம் சொன்னேன்.

“படலையிலை ஆர் நிண்டது?”

“ஒருத்தரும் இல்லை.”

அவள் சிரிக்கவில்லை. எங்கள் பெண்களுக்குச் சட்டை எதற்கென்று ஊர் ஏச ஏசப் போன மாதம்தான் முதன்முதலாகச் சட்டை போட்டவள். அதில் குத்தியிருந்த குண்டூசி ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.

“இந்தாங்கோ. சால்வையை உங்கடை சட்டையோடை சேர்த்துக் குத்திக்கொண்டு போங்கோ.”

நாளை கை தோளுக்குப் போனால் ஊசி குத்தும். குத்தட்டும்.