கிறிஸ்துமசுக்கு என்ன சொல்வது

21.12.84, வெள்ளி. இண்டூர்

பனி. துவரைக் காட்டில் ஆட்களின் தலைகள் மட்டும் தெரிந்தன.

அக்கா வந்து போனாள். கிறிஸ்துமசுக்கு மாரண்டஹள்ளி வரச்சொல்லி. சர்ச்சில் கல்யாணம் ஆனதிலிருந்து அப்பா அவளோடு பேச்சில்லை. இரண்டு வருடம். இன்றும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு திரும்பாமலே நின்றார்.

பஸ் ஏறும்போது: "இந்த வாட்டியும் அப்பா வர்லீன்னா, இனிமே கூப்பிட மாட்டன்டா."

சொன்னால் சொன்னதுதான் அவள். பயம்.

சவரத்துக்கு பிளேடு வாங்க வேண்டும்.

23, ஞாயிறு

சோற்றில் கை வைத்தபடி அப்பா: "போனா, அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"ஹேப்பி கிறிஸ்மஸ்னு சொல்லுங்க."

"அதுல அவங்க சாமி பேரு இருக்குதில்ல? எனக்கு வாய்ல வராது."

என் மொழியியல் எம்.ஏ.வுக்கு ஒரு வேலை, கடைசியில். அகராதிகளோடு பகல் முழுக்க. ஸ்பானிஷ்: இனிய பிறப்பு. பிரெஞ்சிலும் பிறப்புதான். ஸ்வீடிஷ்: யூல், கிறிஸ்துவுக்கு முந்தைய குளிர்காலப் பண்டிகை. தெலுங்கு (மச்சான் வீட்டுப் பேச்சு): சுபாகாங்க்ஷலு. நல்லது நடக்க வேண்டுமென்ற ஆசை. அவ்வளவே. சாமி இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது படித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள். "தமிழ்லயே பேசாத மனுசனுக்கு இத்தன பாசையா?"

அப்பா கை கழுவப் போய்விட்டார்.

25, செவ்வாய். மாரண்டஹள்ளி

வந்துவிட்டார்! இருட்டோடு குளித்து, எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில். கையில் மஞ்சப்பை. என்ன என்றால், "சும்மா வாடா." வழியெல்லாம் சுபாகாங்க்ஷலு சொல்லிக்கொடுத்தேன். பாலக்கோடு தாண்டியும் நாக்கு வளையவில்லை.

வாசலில் காகித நட்சத்திரம். மச்சான் அப்போதுதான் சர்ச்சிலிருந்து. புது பேண்ட், பவுடர். கதவோரம் அக்கா, அசையாமல். அப்பா தொண்டையைச் செருமினார்.

"எண்ணெ தேச்சிக் குளிச்சாச்சிங்களா, மாப்ள?"

தலை தீபாவளிக்கு மாமனார் கேட்கிற கேள்வி. பையிலிருந்து நல்லெண்ணெய், சீயக்காய், சரிகை வேட்டி. அன்றைக்குச் செய்யாத சீர், இன்றைக்கு, வேறு சாமியின் பண்டிகையில்.

அக்கா: "அவரு காலையிலயே சோப்பு போட்டு..."

"நீ சும்மா இரு புள்ள," என்றார் மச்சான். "இன்னும் இல்லீங்க, மாமா." சட்டையைக் கழற்றிப் பலகையில் உட்கார்ந்தார்.

அக்கா வெந்நீர் போட ஓடினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அப்பா உச்சியில் எண்ணெய் வைத்தார். ஒரு கை அல்ல, அரைப் பாட்டில். பவுடரோடு சேர்ந்து வழிந்தது.

"கண்ணுல போவுதுங்க, மாமா."

"இறுக்கி மூடிக்கங்க."