இரண்டு கிண்ணம் கடற்பாசி சூப்

அன்புள்ள போராம் அக்காவுக்கு,

வான்டோ தீவிலிருந்து உன் தங்கை சோதாம் எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான், படகு எல்லோரும் நலம். உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? பதில் எழுதும்போது அதை முதலில் எழுது.

இந்த விஷயத்தைத் தொலைபேசியில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். சனிக்கிழமை காலை உங்கள் கூடைப்பந்து அணியின் விடுதியில் நீ குடித்த சூப்புக்குக் கடற்பாசி அனுப்பியது அம்மா அல்ல, நான்.

பிறந்தநாளன்று கடற்பாசி சூப் குடிக்காமல் இருக்கக் கூடாது, தேர்வு நாளிலும் போட்டி நாளிலும் அதன் பக்கமே போகக் கூடாது. அம்மாவின் இந்த இரண்டு சட்டங்களும் உனக்குத் தெரியும். கடற்பாசி வளர்த்துப் பிழைக்கிற வீட்டிலேயே அதைக் குடித்தால் வழுக்கி விழுவோம் என்று பயப்படுவது விசித்திரம்தான். ஆனாலும் மீற எனக்குத் துணிவில்லை. உன் அணியின் அட்டவணையில் உன் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்தநாளைத் தேடினேன். அன்று போட்டி இல்லை. நிம்மதியாகப் பார்சலைக் கட்டி, ‘பிறந்தநாளன்று காலையில் சமைத்துக் கொடுங்கள்’ என்று மேலே எழுதினேன். தேதி போடும்போது மட்டும் கை பழக்கத்தில் அம்மா கொண்டாடும் சந்திர நாள்காட்டித் தேதியைப் போட்டுவிட்டது. இந்த வருடம் அது சனிக்கிழமை, போட்டி நாள்.

சனிக்கிழமை காலையில்தான் எனக்கு உறைத்தது. விடுதிக்குத் தொலைபேசி செய்தேன். சமையல் அம்மா, “நீதான் அனுப்புனியா கண்ணு? என்ன வாசம், என்ன வாசம். டீம் மொத்தமும் குடிச்சிட்டு அரங்கத்துக்குக் கிளம்பிருச்சு. உங்க அக்கா மட்டும் ரெண்டு கிண்ணம்” என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு, போட்டி வேறு நாளுக்கு மாறியிருக்காதா என்று அட்டவணையை மறுபடியும் மறுபடியும் தேடினேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். நவம்பரில் நீ அம்மாவிடம் பேசியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இந்தப் பருவத்தில் களத்தில் எதையாவது செய்து காட்டாவிட்டால் அடுத்த ஒப்பந்தம் இல்லை, ஆறு வருட ஆட்டம் அத்தோடு முடிந்தது என்றாய். மறுவாரம் அப்பா நகரத்திலிருந்து படகு வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்து கொட்டகையில் வைத்தார். எடுத்துப் பார்த்தேன், உன் கால் அளவு.

மதியம் ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: “கடலுக்குப் போனவங்க மூணரைக்குள்ள கரை ஏறிடுங்க. நாலு மணிக்கு நம்ம போராம் ஆடுது. ஆடலன்னாலும் உக்காந்திருக்கிறதயாவது பாத்துட்டு வருவோம்.”

ஊர்க் கூடத்துத் தொலைக்காட்சி முன்னால் முப்பது பேர் இருந்தோம். குளிருக்காகத் தரையைச் சூடேற்றியிருந்தார்கள், ஆரஞ்சுத் தோல் மலைபோல் குவிந்திருந்தது. மூன்று பகுதிகள் முடியும்வரை நீ பெஞ்சில்தான் இருந்தாய். கேமரா அந்தப் பக்கம் திரும்பி உன் தோள் தெரியும்போதெல்லாம் எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி ஐந்து நிமிடம் இருக்கையில் உங்கள் முன்னணி ஃபார்வர்ட் ஆட்டக்காரி ஐந்தாவது தவறு செய்து வெளியேறினாள். நீ எழுந்து மேல்சட்டையைக் கழற்றினாய். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நானும்தான், ஆனால் வேறு காரணத்துக்கு.

எதிர்வீட்டு குக்ஜா பெரியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காதே. “ஏன்டி போராம் அம்மா, உன் பொண்ணு பந்தக் கூடையில போடவே மாட்டாளா?”

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “அவ போடுறவ இல்லக்கா. அடுத்தவள போட விடாதவ.”

அறுபத்தொன்று, அறுபது. நீங்கள் ஒரு புள்ளி முன்னால். பதினோரு வினாடி. அந்த உயரமான ஒன்பதாம் எண் பந்தோடு நேராகக் கூடையை நோக்கி வந்தாள். நீ குறுக்கே போய் நின்றாய். அவள் மோதினாள், நீ மல்லாந்து விழுந்தாய், பந்து கூடைக்குள் போனது.

கூடம் முழுவதும் “விழுந்துட்டாளே” என்றது. தலைவர் ஆரஞ்சைக் கீழே போட்டார். அழாதது நான் ஒருத்திதான் அக்கா. உன் பாதங்களை நான் பார்த்திருந்தேன். இரண்டும் ஊன்றியிருந்தன, கைகள் மார்போடு, மோவாய் உள்ளே. எனக்கு எட்டு வயதில், வலைக் குவியலுக்கு முன்னால் நீ அப்படி நிற்பாய், நான் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து உன்மேல் மோதுவேன். ஒரு நாளைக்கு ஐம்பது முறை. “நான் முன்னாடியே வந்து நின்னுட்டா, மோதுனவ மேலதான் தப்பு” என்று நீ சொல்லிக்கொடுத்த விதி எனக்கு மனப்பாடம்.

நான் எழுந்து, “அது அக்காவோட தப்பில்ல, கூடை செல்லாது” என்றேன். யாரும் கேட்கவில்லை. அதற்குள் நடுவர் முஷ்டியை உள்ளங்கையில் குத்தி மறுபக்கம் கையை நீட்டினார். கூடை ரத்து, பந்து உங்களுக்கு, ஆட்டமும் உங்களுக்கு. குக்ஜா பெரியம்மா நம் அம்மாவைத் தூக்கிச் சுற்றினார். அவருக்கு எழுபத்தொரு வயது.

அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. பேட்டி எடுத்த பெண், கடைசி நொடியில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டால், “காலைல கடற்பாசி சூப் ரெண்டு கிண்ணம் குடிச்சேன், அதான் நல்லா வழுக்குச்சு” என்றா சொல்வது? அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“யாருடி அனுப்புனது?”

என் காதே பதில் சொல்லிவிட்டது, அவ்வளவு சிவப்பு. அம்மா என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அதே கையால் கட்டிக்கொண்டாள். “அவ விழுறதுக்குத்தான் சம்பளம் வாங்குறான்னு இத்தன வருஷம் எனக்கு யாரும் சொல்லலியே” என்றாள். இப்போது உன் மீதிப் போட்டிகள் எல்லாவற்றுக்கும் பார்சல் கட்டுகிறாள். தடுக்க முடியவில்லை, சமையல் அம்மாவிடம் மன்னிப்புக் கேள்.

அன்று மாலை நீ பேசும்போது, அடுத்த வருடத்துக்கும் முழங்கால் பட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்படி பயிற்சியாளர் சொன்னதாகச் சொன்னாய். ஒப்பந்தத்தில் கையெழுத்து ஏப்ரலில்தான் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தப் பூட்ஸை எடுத்து, மூன்று ஜோடிக் காலுறை போட்டு, தானே மாட்டிக்கொண்டு படகுக்குப் போனார். நடந்தால் டொக் டொக் என்று சத்தம். அம்மா சிரித்ததற்கு, “வாங்குனது வீணாப் போகக் கூடாதுல்ல” என்றார்.

ஆகவே அக்கா, இங்கே உன் அளவுக்குப் பூட்ஸ் கிடையாது. உன் கட்டிலிலும் என் புத்தகங்களை அடுக்கிவிட்டேன். தலையணை இருக்கும் இடத்தில் மட்டும் இன்னும் எதையும் வைக்கவில்லை, அதற்குத் தனிக் காரணம் ஒன்றும் இல்லை. தயவுசெய்து இந்த வருடமும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடாதே. நன்றாக நில், நன்றாக விழு, உடனே எழுந்துகொள்.

உன்மேல் மோதி மோதி வளர்ந்த தங்கை,
சோதாம்