திருப்பி மாட்டிய தெர்மோஸ்டாட்

அம்மா,

கார் ஏன் சூடாகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. இஞ்சின் வேலை முடிச்சு மாட்டும்போது அப்பா தெர்மோஸ்டாட்டைத் திருப்பி வச்சுட்டார். சூடேறினா அது திறந்து தண்ணியை விடணும், திறக்கவே இல்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் இஞ்சினைப் பிரிச்சு மாட்டுற மனுஷன்! கோளாறு எங்கேன்னு பார்க்க மறுபடி கழட்டி, மறுபடியும் அப்படியே மாட்டியிருக்கார்.

அவருக்கு மறதி முத்துதுன்னு நீ சொன்னப்போ உன்மேல எரிஞ்சு விழுந்தேன். நீ சொன்னதுதான் சரி.

இப்போ ஒழுங்கா மாட்டிட்டேன். கேட்டார்னா ரேடியேட்டர்ல அடைப்புன்னு சொல்லிடு.

சாப்பாடு மேஜைமேல மூடியிருக்கு. முதல்ல நீ சாப்பிடு.

பி.கு.: கார் சாவியை நான் எடுத்துட்டுப் போறேன். அவர் இனிமே ஓட்ட வேண்டாம். வீடு பூரா தேடுவார். நீயும் கூடச் சேர்ந்து தேடும்மா.