மாஸ்க்கைக் கழற்றிய அரைமணி நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உனக்கே ஒரு பாப்பா வரப்போகும்போது இன்னும் உன்னை இப்படிக் கூப்பிடலாமா தெரியவில்லை, வாய்க்குப் பழகிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட எழுதுவதில்லை என்று முடிவு செய்துதான் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகிறது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். பாத்ரூமுக்குப் போக ஐந்தடி வைத்தால் ஆறாவது அடிக்கு நாற்காலி வேண்டும். நுரையீரல் இனி பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் நாங்கள் இருவரும் வேலை பார்த்த நெசவு மில்லு மாதிரி இரைகிறது, காது போன அவளுக்குத்தான் கேட்காது, எனக்குக் கேட்கிறது.

நீ போனில் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் பெருமையைக் கொஞ்சம் கேள். கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற மேஜையில் இன்றைக்கும் மாஸ்க் போட்டு உட்கார்ந்திருப்பவன் நான் ஒருவன்தான். டாக்டரே விட்டுவிட்டார். கொரோனா ஊரைவிட்டே போயாச்சு, இவர் மட்டும் இன்னும் வழியனுப்பிக்கிட்டே இருக்கார் என்று கம்பவுண்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். சிறுநீரகத்துக்காக உன் அம்மா சாப்பிடும் மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்று உனக்கே தெரியும். அதனால்தான் வீட்டில் யாருக்கு ஒரு தும்மல் வந்தாலும் மாஸ்க் என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். உன் அண்ணனோடு இதற்காக நான் போடாத சண்டை இல்லை. அவனும் சும்மா எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. சலூனில் மாஸ்க் போட்டு நின்றால் உனக்கு என்ன வியாதி என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்களாம். அதோடு, மாஸ்க்கோட வந்தா அம்மா என்னை யாரோ மாதிரி பார்க்கிறாப்பா என்றான். அது உண்மைதான். அந்த மில்லில் ஒருத்தர் சொல்வது இன்னொருத்தர் காதில் விழாது, உதட்டைப் பார்த்துத்தான் பேசுவோம். நான் பேக்கிங் பக்கம் போனதால் என் காது தப்பியது, அவளுடையது தறி ஓரத்திலேயே போய்விட்டது. அவளுக்கு நம் எல்லோருடைய பேச்சும் உதட்டில்தான் இருக்கிறது.

போன மாதம் எனக்குச் சளி பிடித்தது. வீட்டிலேயே கொரோனா டெஸ்ட் செய்தேன், ஒரே கோடு, இல்லை என்று அர்த்தம். இருந்தாலும் என் சட்டத்தை நானே மீறலாமா என்று வீட்டுக்குள்ளும் மாஸ்க் போட்டேன். அவளிடம் எதையாவது சொல்ல நோட்டில் எழுதிக் காட்டினேன். கண்ணில் புரை இருக்கிறதல்லவா, இரண்டு வரி படித்துவிட்டு நோட்டைத் தள்ளிவிடுவாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் நீ போன் செய்து குழந்தை உண்டாகியிருக்கும் செய்தியைச் சொன்னாய். பெரிய எழுத்தில் நாலு வார்த்தை எழுதியிருக்கலாம், படித்திருப்பாள். என் வாயைப் பார்த்து அவள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, மாஸ்க்கைக் கழற்றிச் சொன்னேன். முதல் தடவையே புரிந்துவிட்டது, ஆனாலும் மூன்று தடவை சொல்ல வைத்தாள். எந்த மாதம், கூட யார் இருப்பார்கள், வாந்தி இருக்கிறதா என்று அரைமணி நேரம் பேசினோம். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் பேசியதாக நினைவில்லை. நீ இதை உன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. நீ செய்தி சொன்னாய், அவ்வளவுதான்.

மறுநாள் உன் அண்ணனுக்குக் காய்ச்சல், அதற்கு மறுநாள் அம்மாவுக்கு. அவர்கள் இருவருக்கும் டெஸ்டில் இரண்டு கோடு. நான் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பார்த்தேன், எனக்கும் இரண்டு கோடு. அதைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் வைத்தேன். என் சளியை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, நான்தான் மாஸ்க் போட்டவன் ஆயிற்றே. உன் அத்தை வந்து, மாஸ்க் போடாமல் சலூனிலிருந்து வியாதியைக் கொண்டுவந்தவன் என்று அவனை வாசலில் நிற்க வைத்துக் கிழித்தாள். நீயும் போனில், அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் முகத்துலயே முழிக்க மாட்டேன் என்றாய். பக்கத்தில் நான் இருந்தேன், என் டெஸ்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் எல்லோருக்கும் மாஸ்க். ஊசியா மாத்திரையா என்று தெரியாமல் அம்மா பயந்து கையை இழுத்துக்கொள்வாள். உன் அண்ணன்தான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, மாஸ்க்கை இறக்கி, என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாக வாயசைத்துச் சொல்வான். காவலாளி திட்டுவார், திட்டி முடிக்கும் வரை போட்டுக்கொண்டு மறுபடி இறக்குவான். இப்போது அவன் சலூனிலேயே படுத்துக்கொள்கிறான். மதியம் மருந்து வாங்கி வந்து, இரண்டு மாஸ்க் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அறை வாசலிலேயே நின்றுவிட்டுப் போகிறான். இவன் ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கிறான், நான் என்ன பண்ணினேன் என்று அம்மா தினமும் என்னிடம் கேட்கிறாள். நான் மாஸ்க்குக்குள் ஒளிந்துகொள்கிறேன், பாப்பா. பயத்துக்காகப் போட்டது, இப்போது முகத்தை மறைக்க உதவுகிறது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் அண்ணனுக்குப் போன் செய். என்னிடம் அப்புறம் பேசலாம், பேசாமலும் இருக்கலாம், உன் இஷ்டம். நீ செக்கப்புக்குப் போகிற இடத்தில் யாரும் மாஸ்க் போடுவதில்லை என்றாய். நீ போட்டுக்கொள், நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். இரும்பு மாத்திரையை மறக்காதே.

நாளை மதியம் அவன் வந்ததும் அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அம்மாவின் ஜன்னலைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று மாஸ்க்கைக் கழற்றப் போகிறேன். நோட்டில் எழுதினால் தள்ளிவிடுவாள், அதனால் வியாதி என்னிடமிருந்துதான் வந்தது என்று வாயால்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடமாவது என்றால் பாதியை மென்று விழுங்கிவிடுவேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெற்றவன் என்கிற தகுதி மிச்சம் இருந்தால் அதைக் கொண்டு உன்னையும் உன் குழந்தையையும் வாழ்த்துகிறேன். மூச்சு நிறைய வாழுங்கள்.

உன்
அப்பா