உன் படத்தின் முன்னால் பஞ்சுக் கொத்து

அக்கா, அம்மாவுக்குப் பிறகு எனக்கு அம்மாவாக இருந்தவளே,

உன் முதல் வருஷ நினைவுப் பூசை போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மாதா கோயிலில் ஒரு குறையும் இல்லை. சாமியார் உன் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார். அதற்கப்புறம் நடந்ததை நான்தான் சொல்லியாக வேண்டும். உன் மகன் அமலன் சொல்ல மாட்டான்.

சாப்பாட்டைக் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் வைத்திருந்தான். பெயரிலேயே ‘பிளான்டேஷன்’ என்று இருக்கிறது. முழுப் பெயரையும் எழுதினால் விளம்பரம் ஆகிவிடும். பரிமாறுகிறவர்களுக்கு வைக்கோல் தொப்பி. சுவரில் தூண் வைத்த வெள்ளை மாளிகைப் படம், அதன் முன்னால் பருத்திக் காடு. காட்டில் ஓர் ஆள்கூட இல்லை. பருத்தி தானாகவே நடந்து மூட்டைக்குள் போனதாக்கும்!

மேசை நடுவில் உன் படம். அதன் முன்னால் கண்ணாடிக் குடுவையில் காய்ந்த பருத்திக் கொத்து. முதலியார்பேட்டை மில்லில் பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்தே நெஞ்சு கெட்டுப் போனவள் முன்னால் பஞ்சு!

நீ படுக்கையில் கிடந்தபோது நூலகப் புத்தகம் ஒன்றைப் படித்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? ‘பிளான்டேஷன்’ என்கிற அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் கதை. விடியுமுன் கொம்பு ஊதுவார்கள். நாள் முழுக்கக் குனிந்து, நீளமான சாக்கை இழுத்துக்கொண்டே பறிக்க வேண்டும். காய்ந்த ஓடு விரலைக் கிழிக்கும். சாயங்காலம் எடை போடுவார்கள். குறைந்தால் சவுக்கடி. ஒருநாள் கூடுதலாகப் பறித்துவிட்டால், மறுநாளும் அவ்வளவு பறித்தாக வேண்டும்.

“அப்போ கை வேகமா இருக்கறவதான்டா மாட்டிக்குவா” என்றாய். அப்புறம் கேட்டாய்: “பச்சப் புள்ளக்காரி எப்படிடா பால் குடுப்பா?” குழந்தையை வரப்பு நிழலில் போட்டுவிட்டுப் பறிப்பாள், கங்காணி விட்டால்தான் ஓடிவந்து கொடுப்பாள் என்று படித்தேன். “எப்ப சோறாக்குவா?” இருட்டிய பிறகு, அளந்து கொடுத்த சோளத்தை இடித்து.

நம்ம மில்லும் அப்படித்தானே என்று நான் சொன்னதும் உனக்குக் கோபம் வந்தது. “ரெண்டையும் சேக்காத. சங்கு ஊதினா நான் வீட்டுக்கு வந்தேன். எம் புள்ளைய எவனும் விக்கல” என்றாய். இருமல் வந்து, மேலே பேச முடியவில்லை.

அந்தப் புள்ளைதான் அக்கா இப்படிச் செய்தான்.

குடுவையை எடுத்துத் தரையில் வைத்தேன். அவன் எடுத்துத் திரும்ப உன் முன்னால் வைத்தான்.

“மாமா, ஒக்காருங்க. அது சும்மா அலங்காரம்.”

“உங்கம்மா இருமினதும் அலங்காரமாடா?”

“எல்லாரும் பாக்கறாங்க மாமா.”

“பாக்கட்டும். அந்த அமெரிக்கா மாளிகைய யார் கட்டினாங்கன்னும் கேக்கட்டும்.”

அவன் மாமியார், தன் பக்கத்தில் இருந்தவரிடம், “அமெரிக்கா பஞ்சாயத்து முடியறதுக்குள்ள பிரியாணி ஆறிடும்” என்றாள். சிரித்தார்கள்.

அமலன் சிரிக்கவில்லை. “பொஸ்தகம் படிச்சது நீங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடினது யாரு மாமா?” என்று மெதுவாகக் கேட்டான்.

ஓடியவன் அவன்தான். ஒருநாளும் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடினவனுக்கு அந்தப் பஞ்சு கண்ணில் படவேண்டாமா? எழுந்து வந்துவிட்டேன். உன் பூசைச் சாப்பாட்டில் ஒரு வாய்கூட நான் சாப்பிடவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் நீ என்னை மன்னிக்க வேண்டும்.

வழியில் கல்லறைக்கு வந்தேன். வெறும் கையோடுதான். அங்கேயாவது உனக்கு மூச்சு முட்டாமல் இருக்கட்டும்.

அவன் இன்னும் போன் பண்ணவில்லை. நானும் பண்ண மாட்டேன்.

அடுத்த வருஷம் என் வீட்டில் ஆக்குவேன். கையாலாகாத கிழவன் சமையல், உப்புக் கூடும், குறையும். உன் படத்தின் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் இருக்கும். அமலனை அழைக்க மாட்டேன். ஆனால் அவனுக்கும் ஒரு இலை போடுவேன். அதை வேறு யாருக்கும் தர மாட்டேன்.

உன் சொல்லை மட்டுமே கேட்ட
தம்பி சவரி